அடுக்களையும் ஆலயமும்

நாகர்கோவில் தொடங்கிப் பாளையங்கோட்டை, தூத்துக்குடி வரையுள்ள எங்கள் தென்பகுதித் தேவாலயங்களில், டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்டுதோறும் தவறாமல் கேட்கப்படும் ஒரு பிரசங்கம் உண்டு. பலகாரமும் கேக்கும் வண்ணத்தாள் நட்சத்திரமும் புத்தாடையும் கிறிஸ்துமஸ் ஆகிவிடமாட்டா என்றும், இருதயத்தில் மீட்பர் பிறவாதவரை இவையனைத்தும் வீண் ஆடம்பரமே என்றும் போதகர் உருக்கத்தோடு எச்சரிப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்கள் தலையசைத்து ஆமோதிப்பார்கள். அவர்களுடைய ஆமோதிப்பில் கபடம் சிறிதும் இராது. ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும், அதே தாய்மார்கள், விடியற்காலையில் ஊறப்போட்டுவிட்டு வந்த பச்சரிசியை வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் உலரப் பரப்பி, பலகார மாவுக்கு ஆயத்தம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். பிரசங்கத்தை மனமார ஏற்றுக்கொண்ட ஒருவர், அதற்கு மாறாகத் தோன்றும் காரியத்தைச் சஞ்சலம் ஏதுமின்றிச் செய்கிறாரென்றால், அவ்விரண்டுக்கும் இடையே நாம் கவனியாதுவிட்ட ஓர் இணக்கம் இருத்தல் கூடும். அந்த இணக்கத்தைத் தேடிப்பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுங்காலமாக உண்டு.

பக்தி உள்ளத்தின் காரியமாயின், மாவு பிசைவதற்கும் மூங்கிற் சிம்பு சீவுவதற்கும் வைக்கோல் வேய்ந்து குடில் கட்டுவதற்கும் அதனோடு என்ன சம்பந்தம்? அவை பக்திக்கு இடையூறா? இடையூறில்லை, வெறும் அலங்காரந்தானா? அல்லது பக்தியின் அவயவங்களுள் ஒன்றாகவே அவற்றைக் கொள்ள வேண்டுமா?

இடையூறு என்று சொன்னவர்கள் சாமானியர் அல்லர். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் அதிகாரம் எய்திய பியூரிட்டன் சமயத்தார், 1647-இல் பாராளுமன்றச் சட்டத்தினால் கிறிஸ்துமஸ் பண்டிகையையே நீக்கினார்கள். அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால், மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், அப்பண்டிகையை ஆசரிப்பவருக்கு 5 ஷில்லிங் அபராதம் என்று 1659-இல் விதிக்கப்பட்டது. 1681 வரையில் அவ்விதி ரத்தாகவில்லை. கிறிஸ்து பிறந்த நாள் இன்னதென்று வேதாகமத்தில் எங்கும் குறிக்கப்படாதிருக்க, மனிதர் தாமாக ஒரு நாளைப் பரிசுத்த நாளென்று வகுப்பது தகாது என்பது அவர்களுடைய முதல் வாதம். அந்நாளின் பெயரால் குடியும் சூதும் பெருந்தீனியும் மிகுந்திருந்ததைக் கண்ணாரக் கண்டவர்கள் ஆதலால், விருந்தோடு வெறியையும் சேர்த்தே விலக்க முற்பட்டார்கள் என்பதையும் மறத்தலாகாது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்கும், ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் பயின்று, உள்ளம் மாறுவதையே சமயத்தின் உயிர்நாடியாகக் கருதியவர். எங்கள் போதகரின் டிசம்பர் மாதப் பிரசங்கம் இவ்வாறு நீண்டதொரு குருபரம்பரையை உடையது. அதை நான் அவமதிக்கவில்லை. கடன் வாங்கிப் பட்டு உடுத்துவதும், குடித்துவிட்டு நள்ளிரவில் தெருவில் கூச்சலிடுவதும் பண்டிகையின் பெயரால் இன்றும் நடக்கின்றன. இவற்றைக் கண்டிக்கப் பிரசங்க மேடையில் ஒருவர் இருந்தே தீர வேண்டும்.

ஆயினும், இந்தப் பண்டிகை எதைக் கொண்டாடுகிறது என்பதை ஒரு கணம் நிதானித்துப் பார்க்கையில், புறப்பொருள் யாவற்றையும் விலக்கிவிட்டு அகத்தை மட்டும் காத்துக்கொள்ள முயல்வோர்க்கு ஒரு பெரிய சங்கடம் நேரிடுகிறது. ஓர் உபதேசம் அருளப்பட்ட நாளை நாம் இங்கே நினைவுகூரவில்லை. ஒரு ஞானி தியானத்தில் ஞானம் எய்திய நாளையும் நினைவுகூரவில்லை. ஒரு குழந்தை பிறந்ததை நினைவுகூர்கிறோம். சர்வேசுவரன் சரீரம் எடுத்தான் என்றும், ஒரு தாய் அந்தச் சரீரத்தைத் துணிகளால் சுற்றி, கால்நடைகள் தீனி தின்னும் தொட்டியில் கிடத்தினாள் என்றும் சுவிசேஷம் சொல்கிறது. துணியும் மரமும் வைக்கோலும் பாலும் இல்லாவிடில் இந்தக் கதையே இல்லை. ஜடப்பொருளைத் தொடக் கூசுகிற தெய்வமாயிருந்தால் பெத்லகேமுக்கு வந்திருக்கவே வேண்டாம்.

8-ஆம் நூற்றாண்டில், சமயச் சித்திரங்களை அழிக்க வேண்டுமென்று கான்ஸ்டாண்டிநோபிள் சக்கரவர்த்தி ஆணை பிறப்பித்தபோது, எருசலேமுக்கு அண்மையில் ஒரு மடத்தில் துறவியாக வாழ்ந்த தமஸ்கு நகரத்து யோவான் என்பவர் எழுந்து கூறிய பதில், நம்முடைய கேள்விக்கும் பதிலாகும். தாம் ஜடத்தை வணங்கவில்லை என்றும், தம் நிமித்தமாக ஜடத்தில் வந்து தங்கிய சிருஷ்டிகர்த்தாவையே வணங்குவதாகவும், தமக்கு இரட்சிப்பு எதன் வழியாக வந்ததோ அந்தப் பொருளை மதிப்பதை ஒருபோதும் நிறுத்தப்போவதில்லை என்றும் அவர் வாதித்தார். 787-இல் நிசேயா நகரிற் கூடிய சபைச் சங்கம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. தீர்ப்பு சித்திரங்களைக் குறித்தது என்பது மெய்யே. எனினும் அதன் அடிநிலையிலுள்ள தத்துவம் வண்ணத்துக்கும் பலகைக்கும் பொருந்துமாயின், மாவுக்கும் காகிதத்துக்கும் பொருந்தாமற்போக நியாயம் இல்லை.

இதே எண்ணத்தை வாதமாக அன்றிக் காட்சியாக நிகழ்த்திக் காட்டியவர் அசிசி நகரத்துப் பிரான்சிஸ். 1223-ஆம் ஆண்டில், இத்தாலியின் கிரேச்சோ என்னும் மலையூரில், அவர் ஒரு தீவனத்தொட்டியும் வைக்கோலும் கொண்டுவரச் செய்து, மெய்யான எருதையும் கழுதையையும் நிறுத்தி, அந்தத் தொட்டியண்டையில் நள்ளிரவுத் திருப்பலி நிகழச் செய்தார். குழந்தை எத்தகைய வறுமையில் கிடந்தது என்பதைச் சரீரக் கண்களாலேயே காண வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவரைவிட அகவாழ்வில் ஆழ்ந்தவர் எவர்? அவரே, உள்ளத்தில் தியானித்தால் போதும் என்று அமையாமல், வைக்கோலைத் தேடினார். இன்று எங்கள் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில், மாக்கூழில் தோய்த்த பழுப்புத்தாளைக் கசக்கி மலையாக்கி, தென்னங்கீற்றும் வைக்கோலும் கொண்டு வேயப்படும் குடில்களெல்லாம் அந்த ஊர் வைக்கோலின் சந்ததியே.

குடிலைப்பற்றிச் சொல்லும்போது அதன் புல்தரையைப்பற்றியும் சொல்லியாக வேண்டும். பண்டிகைக்குச் சில நாட்களுக்கு முன்பே, குழந்தைகள் தட்டையான மண்சட்டிகளில் செம்மண் நிரப்பி, கேழ்வரகை நெருக்கமாகத் தூவி, காலையும் மாலையும் நீர் தெளித்து வருவார்கள். விரல்நீளம் வளர்ந்து பசுமை மாறாதிருக்கும் பருவத்தில் அது குடிலுக்குள் வைக்கப்பட வேண்டும். முந்தி விதைத்தால் முற்றிச் சாய்ந்துவிடும், பிந்தி விதைத்தாலோ மண்தான் தெரியும். மறைக்கல்வி வகுப்பில் திருவருகைக் காலம் என்றால் என்ன என்று கேட்டால் விழிக்கின்ற சிறுவனுக்கு, அந்தச் சட்டியைத் தினமும் எட்டிப் பார்ப்பதன் வாயிலாக அக்காலம் இன்னதென்று விளங்கிவிடுகிறது. குழந்தை இயேசுவின் சொரூபத்தை மட்டும் குடிலில் வையாமல், 24-ஆம் தேதி நள்ளிரவுவரையில் அலமாரிக்குள் வைத்திருப்பது வழக்கம். எல்லாம் ஆயத்தமாகி நடுவிடம் வெறுமையாக இருக்கும் அந்தக் குடிலைப்போலக் காத்திருத்தலைப் போதிக்கும் ஆசிரியரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

காத்திருப்பு என்பது பழைய திருச்சபையில் நோன்போடு கூடியதாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்களில் வெண்ணெயும் பாலும் விலக்கப்பட்டிருந்தமையால், ஜெர்மானிய நாட்டின் சாக்சனிப் பிரதேசத்தார் தங்கள் பண்டிகை ரொட்டியை எண்ணெய் வார்த்தே சுட்டுவந்தனர். அந்த எண்ணெய்ச் சுவையைப் பொறுக்கமாட்டாமல் ஆளுவோரே ரோமாபுரிக்கு விண்ணப்பம் அனுப்ப, 1491-இல் போப் எட்டாம் இன்னொசெந்து, ஒரு காணிக்கையின் பேரில் வெண்ணெய் சேர்த்துக்கொள்ள அநுமதி தந்தார். டிரெஸ்டன் நகரத்து ஸ்டோலன் ரொட்டி அதன்பின்பே இன்றைய சுவையை எய்தியது. உலர்திராட்சை பொதிந்து, வெண்சர்க்கரை பூசிய அந்த நீள்ரொட்டியில், துணி சுற்றிய குழந்தையின் உருவத்தை அந்நாட்டார் காண்கிறார்கள். போப்பாண்டவரின் முத்திரை ஒரு ரொட்டியின் வெண்ணெய்க்காக இறங்கிவந்தது என்றால் சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்பதும் உண்ணாதிருப்பதும் ஆத்துமாவைச் சார்ந்த காரியங்கள் என்று உறுதியாக நம்பிய ஒரு சமுதாயந்தான், ஒரு படி வெண்ணெய்க்கும் அநுமதி வேண்டி நிற்கும்.

எங்கள் பக்கத்துப் பலகாரங்களுக்கு வருகிறேன். குமரி, திருநெல்வேலிப் பகுதிகளில் முந்திரிக்கொத்து இல்லாத கிறிஸ்துமஸ் இல்லை. சிறுபயற்றை வாசனை எழும்பும்வரை வறுத்து, தோல் போகப் புடைத்து, ரவை போலத் திரித்துக்கொள்வார்கள். வறுத்த தேங்காய்த்துருவலும் எள்ளும் ஏலமும் சேர்த்து, கருப்பட்டியையோ வெல்லத்தையோ பாகு காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க அந்த மாவில் ஊற்றிக் கிளறுவார்கள். இதன் பிறகு வருவதே கஷ்டமான கட்டம். சூடு ஆறினால் மாவு உதிர்ந்துவிடும், உருண்டை பிடிபடாது. ஆகவே, கை பொறுக்கும் மட்டும் சூடாக இருக்கும்போதே, நெல்லிக்காய் அளவினவாக நூற்றுக்கணக்கான உருண்டைகளையும் பிடித்து முடித்தாக வேண்டும். ஒருத்தி தனியாக இதைச் செய்தல் இயலாது. மாமியும் மதினியும் பக்கத்து வீட்டு அக்காவும் பள்ளி விடுமுறைக்கு வந்த பிள்ளைகளும் சுளகைச் சுற்றி உட்கார்ந்து, உள்ளங்கை சிவக்கச் சிவக்க, ஊதி ஊதி உருட்டுவார்கள். மறுநாள், மஞ்சள் சேர்த்துக் கரைத்த அரிசிமாவில் மூன்று மூன்று உருண்டைகளாக ஒருங்கே தோய்த்து, எண்ணெயில் இட்டால், அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக வெந்துவரும். இந்தப் பலகாரத்தின் பக்குவமே ஒரு கூட்டத்தை வேண்டி நிற்கிறது என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்க விஷயம். ஒற்றை மனிதனின் அந்தரங்க அநுபவமாகவே பக்தியைப் பேசிப் பழகிய நாம், ஒருவர் தனியே செய்யவொண்ணாத ஒரு காரியத்தின் முன்னிலையில் சற்றுத் தலை தாழ்த்துவது நல்லது. சபை என்பதும் அத்தகையதே.

கேக்கின் கதை வேறு. அது அந்நிய தேசத்திலிருந்து வந்தது; வந்தபோது எங்கள் வீடுகளில் அதற்கேற்ற அடுப்பு இல்லை. சில வீடுகளில் அகன்ற பாத்திரத்தில் மணலைப் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் தகர அச்சை வைத்து, மூடியின்மேல் தணலைக் கொட்டி, கீழும் மேலும் ஒருசேர வெப்பம் தந்து சுட்டெடுத்தார்கள். பட்டணங்களில், வீட்டில் கலந்த மாவை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போவது வழக்கமாயிற்று. திராட்சையும் பேரீச்சையும் ஆரஞ்சுத்தோலும் வாரக்கணக்காக ரசத்தில் ஊறியிருக்கும். சர்க்கரையை இரும்புச் சட்டியில் நீரின்றி உருக்கி, தேன்நிறம் தாண்டி, காப்பிக்கொட்டை நிறம் வருங்கணத்தில் வெந்நீரை ஊற்ற வேண்டும். அரைக்கணம் பிந்தினாலும் கசந்துவிடும், முந்தினால் நிறம் பிடியாது. அந்தக் கணத்தில் சட்டியின்முன் நிற்பவர் வேறெதையும் எண்ண முடியாது. பேச்சு நின்றுவிடும், கண்ணும் மனமும் ஒரே புள்ளியில் குவிந்துவிடும். மடங்களில் பல்லாண்டு பயின்று பெறுகின்ற ஏகாக்கிரத்தை, ஓர் இல்லாள் அடுப்பின் முன்னே அநாயாசமாக அடைந்துவிடுகிறாள். 16-ஆம் நூற்றாண்டில், ஸ்பெயின் தேசத்து ஆவிலா நகரத் தெரேசம்மாள், கீழ்ப்படிதல் உங்களைச் சமையற்கட்டுக்கு அனுப்பினால் கலங்க வேண்டாம், ஆண்டவர் அங்கேயும் பானை சட்டிகளின் நடுவே உலாவுகிறார் என்ற கருத்தைத் தம் கன்னியர்க்கு எழுதிவைத்தது, இந்த அநுபவத்தை அறிந்தேயாகும்.

மாவு நிறைந்த தகர அச்சுகள், பெயரெழுதிய சீட்டுடன் பேக்கரியின் திண்ணையில் வரிசையாகக் காத்திருக்கும். ரொட்டி சுட்டு முடிந்து, விறகடுப்பின் உக்கிரம் தணிந்தபின்னரே அவை உள்ளே போகும்; பழம் நிறைந்த கேக்குக்கு மந்தமான வெப்பமே உகந்தது. பேக்கரிக்காரர் நீண்ட மரத்துடுப்பினால் ஒவ்வொன்றாக இழுத்து, ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்து, மாவு ஒட்டாதவற்றை வெளியே எடுப்பார். தூத்துக்குடியிலும் பாளையங்கோட்டையிலும் அந்த அடுப்புகளுக்குச் சொந்தக்காரர் பலர் இந்துக்கள். ஆலயத்துக்குள் ஒருபோதும் நுழையாத ஒருவருடைய நெருப்பிலிருந்து எங்கள் பண்டிகை அப்பம் வெளிவந்தது என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

இந்த மண்ணில் இது ஒன்றும் அதிசயமன்று. நவராத்திரியில் படி கட்டிக் கொலு வைக்கிற அண்டை வீட்டாருக்கு எங்கள் குடில் எடுத்த எடுப்பிலேயே விளங்கிவிடுகிறது. மார்கழி விடியலில் அரிசிமாவால் கோலமிடுகிற கைக்கு, வாசலில் நட்சத்திரம் கட்டுகிற கையைப் புரிந்துகொள்ள வியாக்கியானம் வேண்டியதில்லை. பொருளைத் தெய்வத்துக்கு அர்ப்பணித்துத் திரும்பப் பெறும் மரபில் தோய்ந்த தேசம் இது. ஒரு பேதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எங்கள் முந்திரிக்கொத்து பலிபீடத்தில் படைக்கப்படுவதில்லை; அது பிரசாதமும் அன்று. அது நேரே அயல்வீட்டுக்குப் போகிறது. தீபாவளிக்கு வந்த தட்டு கிறிஸ்துமஸுக்குத் திரும்பிச் செல்லும். இரண்டு வீட்டாருக்கும் அந்தத் தட்டின் விளிம்பிலுள்ள நெளிவுகூடத் தெரிந்திருக்கும்.

நட்சத்திரத்தைப்பற்றி ஒரு செய்தி. ஜெர்மனியில் நீஸ்கி என்னும் ஊரில் மொரேவியச் சபையார் நடத்திவந்த பள்ளியில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், க்ஷேத்திர கணிதப் பாடத்தின் பயிற்சியாகவே பல முனைகளையுடைய காகித நட்சத்திரம் முதன்முதல் செய்யப்பட்டது. தூரதேசங்களுக்கு ஊழியம் செய்யச் சென்ற மிஷனெரிமாரின் பிள்ளைகள் அத்தகைய பள்ளிகளில் தாய் தந்தையரைப் பிரிந்து தங்கிப் படித்தார்கள். அதே மொரேவியச் சபையார் 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்து, ஊருக்கு வெளியே தோட்டம் அமைத்துக் கைத்தொழில் செய்து வாழ்ந்தவர்கள். கோணங்களை அளந்து, தாளை மடித்து, பசை தடவி ஒட்டிய அந்தச் சிறுவர்களுக்கு, கணிதம் வேறு, பக்தி வேறு, பெற்றோரைப்பற்றிய ஏக்கம் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தோன்றியிராது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் மூங்கிற் சிம்புகளை நூலால் கட்டி, இரண்டு ஐமுனைச் சட்டங்களை எதிரெதிராக வைத்து, நடுவில் குச்சி கொடுத்து உப்பச் செய்து, மைதாப் பசையால் வண்ணத்தாள் ஒட்டுகிறார்கள். ஒரு முனை கோணினால் முழுதும் கோணிவிடும் என்று அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கடையில் விற்கும் பிளாஸ்டிக் நட்சத்திரம் மழைக்கு நனையாது, அடுத்த ஆண்டுக்கும் உதவும். அதை வாங்குவோரை நான் குறைகூறவில்லை. அதனிடம் ஒரு குழந்தை பொறுமையைக் கற்க வழியில்லை என்பது ஒன்றே என் வருத்தம்.

கைத்தொழிலை இவ்வளவு உயர்த்திச் சொல்வதற்குத் தமிழ் இலக்கியத்திலேயே எனக்கு ஒரு பெருந்துணை உண்டு. வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணிக்குக் காவியத் தலைவனாக அவர் தேர்ந்துகொண்டது சூசையப்பரை. அரசரையும் வீரரையும் பாடிப் பழகிய காவிய மரபில், 3,615 பாடல்களுக்கு ஒரு தச்சனை நாயகனாக்க அவர் தயங்கவில்லை. சுவிசேஷங்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. அவர் செய்தவை மட்டுமே உண்டு. சொல்லின்றிச் செயலால் மட்டும் தேவனுக்குப் பணிசெய்த ஒருவரை நடுநாயகமாக வைத்து நிற்கிறது தமிழ்க் கிறிஸ்தவர்களின் மகாகாவியம்.

இவ்வளவும் சொல்லியபின், மார்த்தாளைப்பற்றிப் பேசாமல் கடந்துபோவது நேர்மையாகாது. இயேசு ஒரு வீட்டுக்கு விருந்தினராக வந்தபோது, மரியாள் அவர் காலடியில் அமர்ந்து உபதேசம் கேட்டாள். மார்த்தாளோ பற்பல வேலைகளால் அலைக்கழிந்து, தன்னைத் தனியே உழைக்க விட்டுவிட்டாள் என்று சகோதரியின்மேல் குறை சொன்னாள். நல்ல பங்கைத் தெரிந்துகொண்டவள் மரியாள் என்று அவளுக்குப் பதில் வந்தது. இந்தப் பகுதி வாசிக்கப்படும்போதெல்லாம், பண்டிகைக்கு முந்தின இரவு உறக்கமின்றி அடுப்படியில் நின்று, அதிகாலை ஆராதனையில் கண் செருகி அமர்ந்திருக்கும் பெண்களின் முகங்களை நான் நினைக்காமல் இருந்ததில்லை. உபதேசம் கேட்கும் நல்ல பங்கு அவர்களுக்கு எங்ஙனம் கிட்டும்? ஆண்கள் கீதபவனியில் ஊர்வலம் சென்று திரும்பி, எந்தப் பலகாரம் எங்கே என்று கேட்கிற வீட்டில், மார்த்தாளின் முறையீடு இன்றும் தீராத வழக்காகவே இருக்கிறது.

அகஸ்தீன் முதலான பிதாக்கள், மார்த்தாளின் உழைப்பு இவ்வுலகோடு கழிவது, மரியாளின் தியானமோ என்றும் நிலைப்பது என்று விளக்கினர். ஆனால் 14-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய ஞானி எக்கார்ட், அந்த வியாக்கியானத்தைத் தலைகீழாக்கி, ஒரு பிரசங்கத்தில் மார்த்தாளையே முதிர்ந்தவளாகக் கண்டார். மரியாள் இன்னும் கற்றுக்கொள்ளும் மாணவி. மார்த்தாளோ, வேலையின் நடுவிலும் தேவனைவிட்டு அகலாதிருக்கும் பக்குவம் எய்தியவள். தங்கை இனிமையிலேயே தங்கிவிடக் கூடாதே என்ற அன்பினாலேயே அவளை எழுப்பச் சொன்னாள் என்பது அவர் கருத்து. இது சுவிசேஷத்தின் நேர்ப்பொருளுக்குச் சற்று விலகியதே. எனினும் வேலை செய்கிறவர்களை இரண்டாந்தர பக்தர்களாகத் தள்ளிவிடாத அந்தப் பரிவு எனக்கு வேண்டியதாயிருக்கிறது. என் சொந்தத் தீர்ப்பு இன்னும் எளியது. மார்த்தாள் சொன்ன குறையில் வேலையைப்பற்றிய புகார் இல்லை. தனிமையைப்பற்றிய புகாரே இருந்தது. தன்னைத் தனியே விட்டுவிட்டாள் என்பதுதான் அவள் சொன்னது. முந்திரிக்கொத்துச் சுளகைச் சுற்றி அந்த வீட்டின் ஆண்களும் உட்காருவார்களாயின், வழக்கில் பாதி அன்றே தீர்ந்துவிடும். இதை ஒழுங்குமுறையாகவே சபைகள் போதிக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். டிசம்பர் மாதப் பிரசங்கங்களில் பலகாரத்தைக் கண்டிக்கச் செலவாகும் நேரத்தில் ஒரு பகுதியை, பலகாரம் யார் செய்வது என்ற கேள்விக்கு ஒதுக்கினால் போதும்.

கையுழைப்பு அடிமைத்தனத்துக்கும் ஏதுவாகும், விடுதலைக்கும் ஏதுவாகும் என்பதற்கு நாகர்கோவில் அறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1819-இல் கணவரோடு அங்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். அதில் ஈட்டிய பணத்தைக்கொண்டு தங்கள் அடிமைநிலையிலிருந்து மீட்சி பெற்ற பெண்கள் இருந்தார்கள் என்று மிஷன் வரலாறு கூறுகிறது. அவருடைய குமாரத்தி எலைசா, கால்டுவெல் ஐயரை மணந்து, அதே தொழிலை இடையன்குடிக்கும் கொண்டுபோனார். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-இல்; அதற்கு முன்னரே சில பெண்களின் விரல்கள் நூலும் முளையும் கொண்டு அதை அவிழ்க்கத் தொடங்கியிருந்தன. வேலையின் பயன் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதே அது ஆராதனையா, வெறும் பாரமா என்பதைத் தீர்மானிக்கிறது.

கடைசியாக, எங்கள் சீர்திருத்தச் சபைப் பெரியோர் எழுப்பக்கூடிய ஓர் ஆட்சேபத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். மனிதன் தன் கிரியைகளால் மீட்படைவதில்லை, கிருபையாலேயே மீட்படைகிறான் என்பது லூத்தர் காலந்தொட்டு எங்களுக்கு மூலமந்திரம். அவ்வாறிருக்க, கைவேலைக்கு இவ்வளவு மாண்பு கொடுத்தால், எங்கள் வீட்டுக் கேக்கு, எங்கள் வீட்டுக் குடில் என்ற அகங்காரம் கிருபையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாதா என்பது அவர்கள் கேள்வி. பிடித்துக்கொள்ளும், அடுத்த வீட்டு அச்சுமுறுக்கு கருகியதைச் சொல்லிச் சிரிக்கிற நாவில் அது வெளிப்படவும் செய்யும். ஆனால் எங்கள் ஊர் வழக்கமே இதற்கு ஒரு மருந்தையும் வைத்திருக்கிறது.

அவ்வாண்டில் மரணம் நேர்ந்த வீட்டில் பண்டிகைப் பலகாரம் செய்வதில்லை. எண்ணெய்ச் சட்டி ஏறாது, நட்சத்திரம் கட்டப்படாது, புதுத்துணி எடுக்கமாட்டார்கள். கிரியை என்று சொல்லத்தக்க யாதொன்றும் அந்த வீட்டாரிடம் இல்லை. அன்றைக்குச் சுற்றத்தாரும் அயலாரும், மதபேதம் பாராமல், தங்கள் தங்கள் வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுவந்து கொடுத்து, சிறிதுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். சாயங்காலத்துக்குள் அந்த வீட்டு மேசையில், எந்த வீட்டிலும் இல்லாத அளவுக்கு முந்திரிக்கொத்தும் அதிரசமும் கேக்கும் குவிந்துவிடும். அந்த வீட்டார் எதையும் செய்யவில்லை. எதையும் திருப்பித்தர வேண்டியதும் இல்லை. அன்று அவர்களுக்குப் பண்டிகை குறைவாக வந்தது என்று எந்த வேத சாஸ்திரியும் சொல்லமாட்டார். மற்ற வீடுகளில் வாரக்கணக்காக நடந்த ஊறவைப்பும் உருட்டலும் சுடுதலும், அந்த மேசைக்குப் போய்ச் சேர்வதற்காகவே நடந்தன என்றுகூட நான் துணிந்து சொல்வேன். போதகர் அவர்களும் தம் வீட்டுத் தட்டோடு அங்கேதான் வந்திருப்பார்.